600 டிகிரியில் சுட்ட கருங்கல் 400ஐ விட வலுவாக வருகிறது, எங்கே தவறு?

நிபோங் திபால் மாணவி:
முதுகலை ஆய்வுக்காகப் பினாங்குக் கருங்கல்லைச் சுட்டு உடைக்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டம், அதே நீளம். ஒரு சுற்றுக்கு ஏழு துண்டுகள்; மெதுவாகச் சூடேற்றி, இரண்டு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிடுகிறேன். சாதாரண அமுக்கு இயந்திரத்தில் சூடு ஏற ஏற வலிமை ஒழுங்காகக் குறைகிறது. ஹாப்கின்சன் தண்டில் (இரண்டு எஃகுத் தண்டுகளுக்கிடையே கல்லை வைத்து நொடிப்பொழுதில் அடித்து உடைக்கும் கருவி) அடித்தால்தான் குழப்பம்: 600 டிகிரியில் உடைத்த ஐந்தில் மூன்று, 400 டிகிரித் துண்டுகளை மிஞ்சுகின்றன, மற்ற இரண்டும் பொடியாகிவிட்டன. சராசரி எடுத்துவிடு என்கிறார் மேற்பார்வையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

செந்தூல்காரன்:
தண்டை அடிக்க விடும் வாயுத் துப்பாக்கியின் அழுத்தத்தை இடையில் மாற்றினீர்களா?

நிபோங் திபால் மாணவி:
ஆமாம் அண்ணா. 400இல் இரண்டு துண்டுகள் உடையாமல் நின்றன. அதனால் 600க்கு முன் கூட்டினேன்.

செந்தூல்காரன்:
பாதி விடை அதுதான். மெல்ல நசுக்கும்போது கல் தன் பலவீனமான ஒரு விரிசல் வழியே பிளந்துவிடும். அடி வேகமாக விழுந்தால் அந்த விரிசல் ஓடி முடிக்க நேரமில்லை. நூறு விரிசல்கள் ஒன்றாக முளைக்க வேண்டும், அதற்குக் கூடுதல் விசை தேவை. திரிபு வீதம், அதாவது கல் நசுங்கும் வேகம், வேறாக இருக்கும் இரண்டு தொகுதிகளை ஒப்பிடவே கூடாது. ஆனால் ஒரே அழுத்தத்தில் அந்த இரண்டு மட்டும் ஏன் பொடியாயின?

குவாரி ஐயா, பட்டர்வொர்த்:
மீதித் துண்டு இருந்தால் தட்டிப் பார், அம்மா. சந்தையில் பானை வாங்கும்போது தட்டுவதில்லையா? அதேதான்.

நிபோங் திபால் மாணவி:
ஐயா, இரண்டு மீதி இருக்கின்றன. ஒன்று கணீரென்கிறது. மற்றது விரிசல் விட்ட மண்சட்டி போல மொத்தென்கிறது, நிறமும் கூடுதல் சிவப்பு. பென்சிலில் எழுதும் எண் உலையில் எரிந்துபோவதால் எது எங்கே இருந்தது என்று நோட்டில் வரைந்து வைப்பேன். கணீரென்பது கதவோரம் இருந்தது. வலுவாக வந்த மூன்றும் அதே வரிசை!

செந்தூல்காரன்:
அகப்பட்டது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று உப்பும். பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் அப்படி உப்பாது. கனிம மணிகள் ஒட்டியிருக்கும் விளிம்பு கிழியும். உங்கள் கதவோரத் துண்டுகள் அந்த 573ஐத் தாண்டவே இல்லை என்று சந்தேகிக்கிறேன். தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) துண்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

(கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக் கல்லில் இந்தத் தொல்லை இல்லை, அதில் குவார்ட்ஸ் சொற்பம். ஆனால் 900க்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சுட்ட சுண்ணாம்பு நம் ஊர் ஈரக் காற்றைக் குடித்து, சில நாளில் தானாகவே உதிர்ந்துவிட்டது.)

நிபோங் திபால் மாணவி:
இன்று அளந்தேன். உலையின் அளவுகாட்டியில் 600. பின்புறம் 604, கதவோரம் 561. இனி கதவு வரிசை காலி. 400ஐயும் புதிய அழுத்தத்தில் மறுபடி அடிக்கிறேன்.

குவாரி ஐயா, பட்டர்வொர்த்:
சுட்டபின் இரு முகங்களும் தட்டையாக இருக்கின்றனவா என்று விளிம்புக்கோல் வைத்துப் பார், அம்மா. சூட்டில் கல்லும் கோணும்.