புதுப்பிப்பு: 33 டிகிரியிலேயே நின்றுபோன வோர்ட்

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை வைத்து 20 லிட்டர் வோர்ட்டை (பீராகப் புளிக்கவைக்கும் முன் கொதிக்கவைத்த மால்ட் சாறு) 33 டிகிரிக்குக் கீழே இறக்க முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். வோர்ட்டில் மூழ்கவைத்து உள்ளே தண்ணீர் ஓட்டும் செம்புச் சுருளைப் பெரிதாக வாங்கினாலும் தீராது. உள்ளே போகும் தண்ணீரே 28, 29 டிகிரி. தேவைப்பட்டது 2 மீட்டர் உயரம் தள்ளும் மீன்தொட்டிப் பம்ப்தான்.

குழாய்த் தண்ணீரிலேயே 40 வரை இறக்குங்கள். பிறகு ஐஸ் வாளியில் பம்பைப் போட்டு, அந்தத் தண்ணீரையே சுருளுக்குள் சுற்ற விடுங்கள். 6 கிலோ ஐஸில் 20 டிகிரி வந்துவிடும். கொதியிலிருந்தே ஐஸைத் தொட்டால் 15 கிலோவும் காணாது! வோர்ட்டைக் கிளறிக்கொண்டே இருக்கணும், இல்லையென்றால் சுருளை ஒட்டிய இடம் மட்டும்தான் குளிரும்.

ரப்பர் குழாயைச் சுருளோடு இறுக்கும் வளையங்கள் (ஹோஸ் கிளாம்ப்) இரண்டும் பானை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அங்கே கசியும் பச்சைத் தண்ணீர் உள்ளே சொட்டினால் மொத்த பீரும் கெடலாம்.