ஸ்னெல்லை அப்போது வெளியே எடுத்தது சரியா? 2020 பேஸ்பால் உலகத் தொடர், ஆறாவது ஆட்டம்

இடக்கை:
2020 அக்டோபர் 27, ஆர்லிங்டன். ஏழு ஆட்டத் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2 என முன்னிலை; டாம்பா பே ரேஸ் தோற்றால் எல்லாம் முடிந்தது. முதல் இன்னிங்ஸில் அரோசரேனா அடித்த ஹோம் ரன்னால் ரேஸ் 1-0 என்று இருக்கிறது. ரேஸின் இடதுகை பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் வீசியது 73 பந்துகள்தான். 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), ஒரு வாக் (நான்கு தவறான வீச்சால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) கூட இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பிறகு டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் அடி) அடித்தார்; ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அது. உடனே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார். வலதுகைக்காரர் நிக் ஆண்டர்சன் வீச வந்தார். பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார், வைல்ட் பிட்ச்சில் (கேட்சரால் பிடிக்க முடியாத வீச்சில்) ஒரு ரன், சீகர் முதல் பேஸ் பக்கம் தட்டிய பந்தில் இன்னொரு ரன். கடைசியில் 3-1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. இந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கணக்கன்:
விளைவை வைத்துப் பேசுகிறீர்கள். பத்து நாள் முன்னால், முந்தைய சுற்றில், ஆஸ்ட்ரோஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ரேஸ் பிட்சர் சார்லி மார்ட்டன் 66 பந்துகள் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் இருந்தார். அவரையும் கேஷ் ஆறாவது இன்னிங்ஸில்தான் வெளியே எடுத்தார். அன்றும் வந்தது ஆண்டர்சன்தான். ரேஸ் 4-2 என்று ஜெயித்தது. அன்று நீங்கள் குறை சொன்னீர்களா? அந்த சீசனில் ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸ் முடித்ததில்லை. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல வருடக் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் ரேஸ் உலகத் தொடர் வரைக்கும் வந்தது.

இடக்கை:
பல வருடக் கணக்கு சரி. அன்றைய இரவின் கணக்கு? பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை ஆடினார்கள். ஆறும் ஸ்ட்ரைக்அவுட். அதோடு, பெட்ஸ் வலதுகை பேட்டராக இருந்தும் (வழக்கமாக எதிர்க்கை பிட்சரை அடிப்பதுதான் பேட்டருக்குச் சுலபம்) அந்த வருடம் இடதுகை பிட்சர்களிடம்தான் தடுமாறினார். அவருக்கு எதிராக இடதுகைக்காரரை எடுத்துவிட்டு வலதுகைக்காரரைக் கொண்டுவருவது என்ன நியாயம்?

வாசு:
நண்பர்களே, ஸ்னெல்லை எடுத்ததைவிட யாரைக் கொண்டுவந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார், வரிசையாக. லீக் சுற்றில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 0.55, மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் அவர் கை களைத்திருந்தது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ரேஸ் பேட்டர் பிராண்டன் லோ அந்த பிளேஆஃப் (லீக் சுற்றுக்குப் பிந்தைய நாக்அவுட் தொடர்கள்) முழுக்க அடிக்கவே திணறினார். கேஷ் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பலன் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். அடிக்காத பேட்டருக்கு அவ்வளவு பொறுமை காட்டியவர், அற்புதமாக வீசிக்கொண்டிருந்த பிட்சருக்கு இன்னும் ஒரு பேட்டர் கொடுக்கக் கூடாதா?

கணக்கன்:
லோவை வைத்திருந்ததும் ஸ்னெல்லை எடுத்ததும் ஒரே கொள்கைதான் வாசு. நாலு நாள் ஆட்டத்தைப் பார்த்து மனசு மாறக் கூடாது. அப்புறம், ஆண்டர்சன் வேண்டாமென்றால் யார்? இன்னொரு பிட்சர் ஃபேர்பேங்க்ஸா? எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் அவரிடம்தான் ஹோம் ரன் அடித்தார். டாட்ஜர்ஸின் ஏழு பிட்சர்களுக்கு எதிராக ரேஸ் எடுத்தது ஒரே ஒரு ரன். பேட்டிங்கை விட்டுவிட்டு எல்லாரும் கேஷை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்.

இடக்கை:
பேட்டிங் மோசம்தான். அதனால்தான் அந்த ஒரு ரன்னைக் காப்பாற்றுவது முக்கியமாக இருந்தது. ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும் என்ற விதி அந்த வருடம்தான் வந்தது. அதனால் பெட்ஸுக்காக ஆண்டர்சனைக் கொண்டுவந்தால், அடுத்து வரும் இடதுகை சீகருக்கும் அவர்தான் வீசியாக வேண்டும். ஸ்னெல் பெட்ஸுக்கு வீசியிருக்கட்டும். பெட்ஸ் பேஸ் ஏறினால்கூட அடுத்து சீகர், இடதுகைக்கு இடதுகை. மூன்றாவதாக வரும் டர்னருக்கு ஆண்டர்சனைக் கொண்டுவந்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.