4294967297 பகா எண்ணா இல்லையா? சி ஒன்று சொல்கிறது, பைத்தான் வேறு சொல்கிறது

3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள், அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று கணித மேதை பெர்மா நம்பினார் என்று படித்தேன். அந்த அடுத்தது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1, அதாவது 4294967297. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று சி மொழியில் நிரல் எழுதி அன்சைன்ட் இன்ட்டில் (குறை எண் இல்லாத 32 பிட் முழு எண் வகை) போட்டால் "1 பகாவும் இல்லை, பகுவும் இல்லை" என்கிறது. நான் 1 கொடுக்கவே இல்லை! பைத்தானில், 2-ஐ அந்த எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்து மீதி பார்த்தேன். மீதி 1, அப்படியானால் பகா எண்தானே? நண்பன் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறான். எங்கே தப்பு?

பதில்:
முதல் தப்பு எளிது. 32 பிட்டில் 4294967295 வரைதான் கொள்ளும். அடுத்தது 0, அதற்கடுத்தது 1, உங்கள் எண் அங்கேதான் போய் நின்றிருக்கிறது. கம்பைலர் எச்சரித்திருக்குமே, யார் படிக்கிறோம்! 64 பிட் கொள்ளும் அன்சைன்ட் லாங் லாங் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன் அண்ணா. 65536 வரை சுற்றும் என்று நினைத்தால் 641-லேயே வகுபட்டு நின்றுவிட்டது. அப்புறம் பைத்தான் ஏன் பொய் சொன்னது?

இன்னொருவர் பதில்:
பொய் இல்லை, அந்தச் சோதனையே ஒருவழிப் பாதை. மீதி 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி, வந்தால் எதுவும் உறுதியில்லை. இங்கே 2-ஐ எடுத்ததுதான் வினை: 2-இன் 32-ஆம் அடுக்கு உங்கள் எண்ணுக்கு ஒன்று குறைவு, அதாவது மீதி -1, அதனால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1, நீங்கள் உயர்த்தியதோ 64-இன் மடங்கான அடுக்கு, பிறகு 1 வராமல் என்ன செய்யும்? எல்லா பெர்மா எண்ணும் (நீங்கள் சொன்ன 3, 5, 17 வரிசைதான்) 2-இடம் இப்படித் தப்பித்துவிடும். 3 வைத்துப் பாருங்கள், மீதி 3029026160 வரும், குட்டு வெளிப்பட்டுவிடும். 641-ஐக் கணித மேதை ஆய்லர் 1732-லேயே கண்டுபிடித்துவிட்டார். காரணிகள் 64-இன் மடங்கோடு 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும், ஆகவே 193, 257, 449, 577 பார்த்துவிட்டால் ஐந்தாவதே 641, கையாலேயே போடலாம்.

கேட்டவர்:
அப்படியென்றால் இதை எந்த வகையில் சேர்ப்பது? கார்மைக்கேல் எண்ணா?

முதலில் பதில் சொன்னவர்:
இல்லை, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடியாக வைத்தாலும் இந்தச் சோதனையில் தப்பிக்கும் பகு எண்தான் கார்மைக்கேல் எண், அதற்குக் குறைந்தது மூன்று பகா காரணிகள் வேண்டும். இதற்கு இரண்டே இரண்டு, 641-உம் 6700417-உம். 2-ஐ அடியாகக் கொண்ட போலிப் பகா எண், அதாவது 2 வைத்துச் சோதித்தால் பகா எண்போலத் தெரியும் பகு எண் என்று சொல்லலாம். தன்னை விட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் வெறும் 6701059, எண்ணைவிடச் சிறியது, அதனால் குறைவு எண். எனக்குப் பிடித்தது வேறு: 65536-இன் வர்க்கத்தோடு 1 என்பது எல்லோருக்கும் தெரியும், 62264, 20449 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண்தான். பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது, பகு எண் என்பதற்கு இதுவே போதும்.

கேட்டவர்:
கூட்டிப் பார்த்தேன், அப்படியே வருகிறது! 20449-ஏ 143-இன் வர்க்கமாம், அதையும் இப்போதுதான் கவனித்தேன்.