முதல் வருட நர்சிங்: மூச்சை எண்ணக் கற்றுக்கொண்ட நாள்

பி.எஸ்சி. நர்சிங் சேரப் போகிற தங்கைகள் "ஃபர்ஸ்ட் இயர்ல என்னக்கா சொல்லித் தருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இப்போது மூன்றாம் வருடம். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

பாடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் 2021-ல் வந்த பிறகு எல்லாம் செமஸ்டர்தான், நான்கு வருடத்துக்கு எட்டு. முதல் செமஸ்டரில் ஆங்கிலம், அனாட்டமி (உடல் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), சோஷியாலஜி, சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் (நர்சிங்கின் அடிப்படைப் பாடம்). முதலுதவியும் ஃபவுண்டேஷனிலேயே வந்துவிடும். இரண்டாவதில் பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், ஃபவுண்டேஷனின் இரண்டாம் பகுதி, அப்புறம் கம்ப்யூட்டர் சார்ந்த ஒரு பாடம்.

தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அனாட்டமி முதல் மாதம் தூக்கத்தையே கெடுத்தது. உடம்பில் 206 எலும்பு என்பது பள்ளியில் ஒரு மார்க் கேள்வி. இங்கே கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் காறை எலும்பைக் கையில் கொடுத்து, "இது வலதா, இடதா? எப்படிச் சொல்றே?" என்று மேடம் கேட்பார். உருண்ட முனை நெஞ்செலும்புப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம், பள்ளம் ஓடும் முகம் கீழே. ராத்திரி ஹாஸ்டலில் என் தோளிலேயே விரலை ஓட்டி ஓட்டித்தான் அதை மனதில் நிறுத்தினேன்.

வார்டுக்குப் போன முதல் வாரம், மூச்சிரைப்போடு சேர்ந்திருந்த ஒரு பாட்டிக்கு டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு பார்க்கச் சொன்னார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று, "பாட்டி, உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்றேன். அவ்வளவுதான், பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிதானமாக இழுத்து விட ஆரம்பித்துவிட்டார். பதினான்கு வந்தது. சார்ட்டில் எழுதப் போனேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்த ஸ்டாஃப் சிஸ்டர் பார்த்துவிட்டு வந்தார். பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தார், பல்ஸ் எண்ணினார். எண்ணி முடித்தும் கையை விடவில்லை. விரல் அங்கேயே இருக்க, கண் மட்டும் பாட்டியின் முந்தானை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழுதாக ஒரு நிமிஷம். இருபத்தெட்டு! பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. "பல்ஸ் பாக்குறோம்னே அவங்க நினைச்சுக்கட்டும் கண்ணு. எண்ணுறோம்னு தெரிஞ்சா மூச்சு மாறிடும்" என்றார் சிஸ்டர்.

மூச்சு மூளைத்தண்டின் கட்டளையில் தானாக நடக்கிறது, ஆனால் நாம் நினைத்தால் அதில் தலையிட முடியும் என்று பிசியாலஜியில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. நான் எழுதவிருந்த பதினான்கை டாக்டர் நம்பியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. முதல் வருடத்தில் படிப்பது வார்டுக்கு உதவாத தியரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

---

அக்கா, நான் இரண்டாம் வருடப் பையன். எனக்கு பெட் மேக்கிங். விரிப்பின் மூலையைச் சரிவாக மடித்துச் செருகுவதை லேபில் நாற்பது தடவையாவது செய்திருப்பேன். துணி மடிப்புக்கு எதற்கு இத்தனை பாடு என்று எரிச்சலாகவே இருந்தது. வார்டில், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு ஐயாவை முதுகு துடைக்க ஒருக்களித்துத் திருப்பினோம். அடியில் விரிப்பு சுருண்டிருந்த இடமெல்லாம் முதுகில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தார் சிஸ்டர். சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. ஐயாவுக்கு வலியைச் சொல்லத் தெம்பு இல்லை. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் முறையில் நானும் இருந்தேன். இப்போது எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் என் கை தானாக விரிப்பை இழுத்துவிடுகிறது.

---

பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் இருவரையும் படித்ததும் சந்தோஷமாக இருந்தது பிள்ளைகளா. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று: விலை உயர்ந்த ஸ்டெத் இப்போதே வேண்டாம். செகண்ட் முள் ஓடுகிற சாதாரண வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை மட்டும் வேண்டாம். சீராக இல்லாத மூச்சு அந்த விட்டுப்போன அரை நிமிஷத்தில்தான் தன்னைக் காட்டும்.