மறு: ‘கேப்டிவ் போர்ட்டல்’: திண்ணையா, மறிபக்கமா?

அனைவருக்கும் வணக்கம்.

வைஃபையில் சேர்ந்ததும் போனில் தானாக வந்து நிற்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் ‘கேப்டிவ் போர்ட்டல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான் இங்கே கேட்டதற்குக் காரணம் பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தப்பா. அவர் தோப்பு வீட்டுக்கு ஒரு வானிலைப் பெட்டி செய்து கொடுத்தேன். இஎஸ்பி8266 என்ற வைஃபை உள்ள ஒரு சிறு மின்னணுப் பலகை, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 உணரி, மழையை அளக்க ஒரு கவிழும் வாளி. வீட்டு வைஃபையின் கடவுச்சொல் பெட்டிக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக முதல் தடவை பெட்டி தானே ஒரு வைஃபையைத் தொடங்கும். போனை அதில் இணைத்ததும் ஒரு பக்கம் தானாக வந்து நிற்கும். அதற்குப் பெயர் தெரியாமல் கையேட்டின் நான்காவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

> சிறைவாயில் என்றே வைத்துவிடலாமே?

ஐயா, சிறைப்பட்டது வாயில் அல்லவே, ஆள்தானே! ‘சிறைவாயில் திறக்கும், அழுத்துங்கள்’ என்றால் சித்தப்பா போனைக் கீழே வைத்துவிடுவார்.

> திண்ணைப் பக்கம்?

அக்கா, இரண்டு நாள் நானும் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். விடுதி வைஃபைக்கு அழகாகப் பொருந்துகிறது: அறை எண்ணைச் சொல்லும் வரை திண்ணையில் உட்கார், அப்புறம் உள்ளே வா. ஆனால் என் பெட்டியில் திண்ணைக்குப் பின்னால் வீடே இல்லை. அதன் வைஃபையில் இணையம் கிடையாது, இருப்பதே அந்த ஒரு பக்கம்தான்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் புதிதாக ஒரு வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். 204 என்ற குறியீட்டோடு வெற்றுப் பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று பொருள். ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தில் ‘சக்சஸ்’ என்ற சொல்லைத் தேடும். நம் பெட்டியோ எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் ‘அது நான்தான், என் முகவரி 192.168.4.1’ என்று கூசாமல் சொல்கிறது. எதிர்பார்த்த பதில் வராததால், நடுவில் யாரோ மறிக்கிறார்கள் என்று போன் புரிந்துகொண்டு, மறித்தவர் கொடுத்த பக்கத்தைக் காட்டுகிறது. விடுதியிலும் நடப்பது இதே மறிப்புதான். அதனால் என் ஓட்டு மறிபக்கத்துக்கு.

> ‘ப்’ விட்டுப்போயிற்றே?

விடவில்லை. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘மறிப்பக்கம்’ என்று எழுதினால் ஆட்டுக்குட்டியின் பக்கம் ஆகிவிடும்!

சொல் கையேட்டில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க ஒரு பத்தி:

“மறிபக்கம் வரவில்லையா? மொபைல் டேட்டாவை அணையுங்கள். பெட்டியில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். ‘இணையம் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா?’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடினால் நிறுத்துங்கள். பிறகு உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.4.1 என்று அடியுங்கள். உலாவி தானாக முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) என்று போட்டால் பக்கம் திறக்காது. பெட்டியிடம் அதற்கான சான்றிதழ் இல்லை. கடைசி எஸ்-ஐ நீக்கி மறுபடி அடியுங்கள்.”

‘மறிபக்கம்’ இருந்த இடத்தில் ‘திண்ணை’யைப் போட்டும் வாசித்துப் பார்த்தேன். ‘திண்ணை வரவில்லையா’ என்பது ஏதோ அரட்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கிறது.

ஒன்று பாக்கி. மறிபக்கம் திறப்பது முழு உலாவியில் அல்ல, போன் தானே திறக்கும் ஒரு குட்டிச் சாளரத்தில். சித்தப்பா கடவுச்சொல்லைப் பார்க்க வாட்ஸாப்புக்குப் போய்த் திரும்பினார், சாளரத்தைக் காணோம். ‘முதலில் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்’ என்று கையேட்டில் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்தச் சாளரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘குற்றுலாவி’ என்று போட்டுவைத்திருக்கிறேன், குற்றம் என்று காதில் விழுகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.