பசுமைக் கட்சிக்குத் தலைவர்: சத்தமாகப் பேசுகிறவரா, தொகுதியில் ஜெயித்தவரா?

தெலுக் கும்பார்வாசி:
இங்கிலாந்து, வேல்ஸ் பசுமைக் கட்சி தன் தலைவர் தேர்தல் முடிவை 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஸாக் போலன்ஸ்கிக்கு 20,411 ஓட்டு. கூட்டாக நின்ற ஏட்ரியன் ராம்சே, எல்லி சௌன்ஸ் இருவருக்கும் 3,705. அவர்கள் எம்பிகள், போலன்ஸ்கி அப்போது எம்பி இல்லை, லண்டன் அசெம்பிளி என்கிற நகர மன்றத்தின் உறுப்பினர். 2024இல் அந்தக் கட்சி பிடித்ததே நான்கு சீட்டுதான், அதில் இரண்டு பேரை உறுப்பினர்களே ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இது தப்பாகத்தான் படுகிறது. கன்சர்வேட்டிவ்காரர்களின் கிராமப்புறத்தில் போய் ஓட்டு வாங்கத் தெரிந்தவர்களை விட்டால் வேறு யாரை வைத்துக் கட்சி வளர்ப்பது?

ஆயர் ஈத்தாம் தம்பி:
அண்ணே, ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கட்சியின் கரோலின் லூகஸ் 2010இல் ஜெயித்து, 2024 வரைக்கும் கட்சியின் ஒற்றை எம்பியாகவே இருந்தார். நல்ல எம்பிதான், ஆனால் 14 வருஷம்! போலன்ஸ்கி பணக்காரர் சொத்துக்கு வரி, வாடகை, வீட்டுச் செலவு என்று பேசுகிறார், அது மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவருக்கும் புரியும். 2017 நவம்பரில் நம் பினாங்கில் வந்த வெள்ளத்தில் ஜாலான் பி. ரம்லியில் என் சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், ஃபிரிட்ஜ் மிதந்து வந்து வாசற்படியில் முட்டி நின்றது. சித்தி அன்றைக்குப் பருவநிலை பற்றிக் கேட்கவில்லை, மலையை யார் வெட்டினார்கள், ஃபிரிட்ஜுக்கு யார் காசு தருவார்கள் என்றுதான் கேட்டார்.

தெலுக் கும்பார்வாசி:
அந்தக் கேள்வி சரி, தம்பி. ஆனால் கேட்கிறவர் நாடாளுமன்றத்தில் நிலைக்க வேண்டாமா? நம் மலேசியாவில் சுற்றுச்சூழலுக்காகப் போராடிய வோங் தாக்கைப் பார். லைனாஸ் அரிய மண் ஆலையை எதிர்த்து 2012இல் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை நடந்தார், 2018இல் ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) சீட்டில் பெந்தோங்கில் ஜெயித்தார். 2022இல் சீட் தரவில்லை, சுயேச்சையாக நின்று தோற்றார். பிரிட்டனிலும் மலேசியாவிலும் ஒரே தேர்தல் முறைதான், தொகுதியில் முதலில் வந்தவருக்கு மட்டுமே சீட்டு.

ஆயர் ஈத்தாம் தம்பி:
அவருக்கென்று ஒரு கட்சி இருந்திருந்தால் சீட்டுக்காக அடுத்தவர் வாசலில் நின்றிருக்க வேண்டாமே. அதற்குத்தான் சின்னக் கட்சி வேண்டும் என்கிறேன்.

பங்சார் அக்கா:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அங்கே அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. பூங்கா தப்பியது, எனக்கும் சந்தோஷம்தான், அங்கே நடக்கப் போகிறவள் நான். ஆனால் பக்கத்திலேயே லோங்ஹவுஸ் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நம் குடும்பங்கள், 1980களிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கான வீடும் அந்தத் திட்டத்துக்குள்தான் இருந்தது. மரத்தைக் காப்பாற்றிய அன்றைக்கே அந்த வாசலுக்குப் போய் "உங்கள் வீட்டுக்கும் நாங்கள் போராடுகிறோம்" என்று சொல்கிறவர்தான் எனக்குத் தலைவர், எம்பியாக இருக்கட்டும் இல்லாமல் போகட்டும்.

தெலுக் கும்பார்வாசி:
அக்கா சொன்னது உறைக்கிறது. பினாங்கின் தெற்கே எங்கள் பக்கம் கடலைத் தூர்த்து மூன்று தீவு, 4,500 ஏக்கர் என்று ஆரம்பித்து 2023இல் ஒன்றாகக் குறைத்தார்கள். அது மீனவர்கள் கத்தியதால் நடந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் மிச்சமிருக்கும் அந்த ஒரு தீவை சட்டமன்றத்தில் எழுந்து கேட்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். ராம்சேக்கு ஓட்டுப் போட்டிருப்பேன் என்பதில் மாற்றமில்லை.