புதுச் சுங்குடியின் சாயம் வெள்ளைச் சதுரங்களில் ஏறிவிட்டது: தை பிறப்பதற்குள் போர்வையை முடிக்க வழி உண்டா?

கேள்வி: நங்கநல்லூர் மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். ஏழெட்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே பழைய பருத்திப் புடவைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்து வருகிறேன். சித்திரை வெயிலுக்கு மல் துணியில் ஒரு விரிப்பு, நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சிறு பைகள், மார்கழிக்கு ஒரு போர்வை என்று ஆண்டு முழுவதும் மெஷின் மேல் ஏதாவது ஒன்று கிடக்கும். என் மகளுக்குத் தை மாதம் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். அம்மா உடுத்திய மதுரைச் சுங்குடிப் புடவைகள் நான்கு என்னிடம் இருந்தன. ஒவ்வொரு போகிக்கும் என் கணவர் அவற்றை வெளியே எடுத்துவைப்பார், நான் திரும்ப உள்ளே எடுத்துவைப்பேன். அவற்றைக் கொண்டே பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை தைத்துவிடலாம் என்று ஐப்பசியில் தொடங்கினேன்.

ஆறரை அங்குலச் சதுரங்களாக 63 வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசைக்கு 7 வீதம் 9 வரிசை இணைத்ததில் மேல்துணி 42-க்கு 54 அங்குலம் வந்திருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளைச் சதுரம். அவை அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து எடுத்தவை. சிவப்பு போதாமல் போகவே, கடையில் புதிதாக ஓர் அரக்குச் சிவப்புச் சுங்குடி வாங்கி, அவசரத்தில் துவைக்காமலே வெட்டிச் சேர்த்துவிட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது, அந்தப் புதுத் துணியை ஒட்டிய வெள்ளைச் சதுரங்களில், வெற்றிலைச் சாறு கசிந்தது போல் ஓரம் முழுதும் சிவப்பு படர்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 11 சதுரங்கள். பிரித்துத் தைக்க வேண்டுமா, அல்லது சாயத்தை வெளியேற்ற முடியுமா?

இரண்டாவதாக, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. இதுவரை நான் தைத்தவை எல்லாம் இரண்டடுக்குதான். இலவம் பஞ்சு வைக்கச் சொல்கிறார் ஒருவர், பாலியஸ்டர் பஞ்சுத் தகடு வாங்கச் சொல்கிறார் இன்னொருவர்.

இதற்கிடையே கிறிஸ்துமஸுக்கு எங்கள் குடியிருப்பில் 12 வீடுகளுக்கு அரைக் கிலோ பிளம் கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாயிற்று. வீட்டில் இருப்பது ஒரே ஒரு சாப்பாட்டு மேசை. நேற்று ஓவனையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் போட்டபோது மின்சாரம் நின்றுவிட்டது. இரண்டு வேலையையும் எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மேற்கு மாம்பலம்

கவலைப்படாதீர்கள் அக்கா. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் கொஞ்சம் வினிகரும் கலந்து ஓர் இரவு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் புதுப் புடவை எது வந்தாலும் முதல் நனைப்பு உப்புத் தண்ணீரில்தான்.

பதில்: அம்பத்தூர் ஓய்வாளர்

மேற்கு மாம்பலம் சகோதரி சொன்னது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஏற்றுமதித் துணிகளுக்குச் சாயமேற்றும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது. உப்புக்கு வேலை இருப்பது சாயத்தொட்டியில். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பு சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளும். பிறகு சேர்க்கப்படும் சோடா சாம்பல்தான் அதை இழையோடு பிணைக்கும். துணி கடைக்கு வந்து, நீங்கள் வாங்கி, வெட்டித் தைத்த பிறகு உப்பு போட்டால், பிணையாமல் நிற்கும் சாயம் நீரை விட்டு மறுபடி துணியில்தான் ஒட்டப் பார்க்கும். உங்கள் விஷயத்தில் அந்தத் துணி என்பது அப்பாவின் வேட்டி. வினிகர் அமிலம், பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சாயங்களில் அதற்கு இடம் உண்டு, பருத்தியில் இல்லை.

அம்மாவின் புடவைகள் இத்தனை ஆண்டுத் துவைப்பில் விடவேண்டிய சாயத்தையெல்லாம் விட்டுவிட்டன. குற்றவாளி அந்தப் புதுத் துணி மட்டும்தான். ஆகவே சாயத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், முழுவதுமாக வெளியே வரவிடுங்கள். பிரிக்கத் தேவையில்லை. முதலில் மேல்துணியின் வெளி விளிம்பைச் சுற்றி, ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலத்தில் மெஷினில் ஓர் ஓட்டம் ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஊறும்போது ஓரத்து இழைகள் பிரிந்து தையல்வரை வந்துவிடும். பிறகு பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில், கீசரிலிருந்து ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் நீர் பிடித்து, பிளீச் கலக்காத திரவ சோப்பைத் தாராளமாகக் கலந்து, துணியை அதில் தளர்வாக அமிழ்த்துங்கள். நீர் நிறைய இருக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நீர் குறைந்தால் இறங்கிய சாயத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பக்கத்துத் துணியில் ஏறும். சோப்பு அதை நீரிலேயே பிடித்துவைக்கும். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முனை எட்டிப்பார்த்தாலும் அங்கே சாயம் தங்கிவிடுமாதலால், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை மேலே வைத்து அமுக்கி, 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். கசக்க வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

நீரை மாற்றும் முன் ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகத் தெரிகிற வரை மறுபடி மறுபடி ஊறவைக்க வேண்டும். அடர் சிவப்பு என்பதால் மூன்று நான்கு முறை ஆகலாம். இடையில் உலரவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், வெள்ளையில் ஏறிய சிவப்போடு சுங்குடியின் நிறமும் சேர்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

ஒரு செய்தி, ஆறுதலுக்காக. 1950-களிலும் 60-களிலும் நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கட்டம்போட்ட பருத்தித் துணி ஒவ்வொரு துவைப்பிலும் சாயம் விட்டு, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தது. அங்குள்ள வியாபாரிகள் அதையே பெருமையாக்கி, 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்து விற்றார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை, வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள்.

பதில்: மயிலாப்பூர் ஊசிநூல்

நடுவடுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் உரியது, அவற்றை நாம் வெயிலில் காயப்போடுவோமே தவிர துவைப்பதில்லை. அதன் இழை வழுவழுப்பானது, குட்டையானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. இரண்டாவது துவைப்பிலேயே மூலைக்கு மூலை உருண்டு கட்டியாகிவிடும். பாலியஸ்டர் தகடு உருளாது, விரைவில் உலரும், ஆனால் வியர்வையை இழுக்காது. மார்கழியிலும் இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில், அந்தத் தகட்டுக்கு மேல் யாரும் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் படுக்க முடியாது.

பழைய வேட்டியை வையுங்கள். எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்தாலே உங்கள் 42-க்கு 54 அளவுக்குப் போதும், நடுவில் இரண்டு அடுக்கும் கிடைத்துவிடும். வங்காளத்துக் கந்தா வேலையும் பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத் தையலால் பிணைப்பதுதான், அதில் பஞ்சே கிடையாது. நம் வீடுகளில் தூளிக்குப் பழம்புடவையைத் தேடுவதும் அந்த மென்மைக்காகத்தானே. ஒருவேளை புது வேட்டிதான் கிடைக்கிறது என்றால், கஞ்சி முழுவதும் போக வெந்நீரில் இரண்டு முறை அலசி உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். இல்லையென்றால், பின்னால் துவைக்கும்போது அது சுருங்குகிற சுருக்கத்தில் மேல்துணி முழுவதும் கொப்பளம் போல் எழும்பிவிடும்.

அடித்துணியாக முழுப் புடவை ஒன்றின் உடல் பகுதியை வைக்கலாம். புடவை அகலம் சுமார் 46 அங்குலம், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டால் கணக்குச் சரியாக வரும். மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருக்கம் நீவிக்கொண்டே போய், ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாக நூலோட்டிவிட்டு, அதன் பிறகே மெஷினில் வையுங்கள். ஊசி 14-ஆம் எண், நூல் பருத்தி, தையல் சற்றே நீளம். சுங்குடித் துண்டுகளை வெட்டியபோது மிஞ்சிய கரைகளை எறிந்துவிடவில்லை அல்லவா? உங்கள் போர்வையின் சுற்றளவு 192 அங்குலம். ஐந்தரை மீட்டர்ப் புடவையின் ஒரு பக்கத்துக் கரை ஏறத்தாழ 216 அங்குலம் இருக்கும். ஒட்டுப் போடாமல் ஒரே கரையில் நான்கு ஓரமும் சுற்றிவந்து, மூலை மடிப்புக்கும் மிஞ்சும். கடையில் வாங்குகிற ஓரப்பட்டிக்கு அந்த அழகு வராது.

மின்சாரத்தை நம்பாமல் மிதி மெஷினில் தைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் விளக்கே இல்லாத நாட்களில், ஜன்னலோரம் மிதி மெஷினை இழுத்துப் போட்டு ஒரு விரிப்பையே முடித்தேன். வேறு செய்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

பதில்: பெரம்பூர் கேக் அடுப்பு

பிளம் கேக்கைப் பற்றி இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் பேசாமல் இருக்க முடியுமா? முதலில் மின்சாரம். ஓவன் 1500 வாட் என்றால், நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்குக்கு அது அதிகம். 230 வோல்ட்டில் அதன் எல்லையே 1380 வாட்தான். ஓவனை 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். அந்த இணைப்பிலேயே இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போடாதீர்கள். மல்டிபிளக் கயிற்றில் ஓவனைச் செருகுவோரைக் கண்டால் எனக்குக் கேக்கே இறங்காது.

ரம்மில் ஊறிய பழமாக இருந்தால் நவம்பர் கடைசியிலேயே சுட்டு வைத்துவிடலாம், நாளாக ஆக ருசி கூடும். ஆரஞ்சுச் சாற்றில் ஊறியது அப்படித் தாங்காது. பழத்தைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்து, டிசம்பர் 21, 22 தேதிகளில் சுடுங்கள். அதுவரை மேசை தையலுக்கு உரியது. 160 டிகிரியில் அரைக் கிலோ கேக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 28 லிட்டர் ஓவனில் இரண்டு டின் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் ஆறு ஈடு, நாளைக்கு மூன்று. வெண்ணெயை முன்னிரவே வெளியே எடுத்துவைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை. நம் ஊரில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். விரல் அழுந்த வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. உருகிய வெண்ணெய் சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடிக்காது, கேக் பிட்டு போல் அடர்ந்துவிடும்.

அடுப்பில் கேக் இருக்கும் நேரத்தில் கைத்தையல் போடலாம் என்று தோன்றும். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். கருக்கிய சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு, துணியில் பட்ட வெண்ணெய்க் கை ஒன்று, மாவுத் தூளைத் தேடி வந்த எறும்பு வரிசை என்று அந்த விரிப்பு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அந்த இரண்டு நாளும் போர்வை படுக்கையறைப் பீரோவுக்குள் இருக்கட்டும்.

பதில்: அடையாறு செவிலி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன் அம்மா. முதல் ஆண்டு முடியும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்கக் கூடாது. முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது. குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட்டுப் பழக்க இந்த விரிப்பு மிகவும் ஏற்றது. பொத்தான், மணி, ஜரிகை எதையும் அதில் தைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நங்கநல்லூர் மாடிவீடு

அனைவருக்கும் நன்றி. அம்பத்தூர் ஐயா சொன்னபடியே செய்தேன். முதல் நீர் பீட்ரூட் வேகவைத்த நீர் போல் இருந்தது, நான்காவது நீரில் தாள் வெள்ளையாகத் தெரிந்தது. மழை விடாததால் கூடத்தில் இரண்டு கொடிகளுக்கு மேல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஒன்றரை நாள் உலர்த்தினேன். 11 சதுரங்களில் 9 முழுவதும் தெளிந்துவிட்டன. இன்னொன்றில் மிக மங்கலான ஒரு நிழல் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கடைசி ஒன்று போகவே இல்லை. அதன் மேல் அம்மாவின் முந்தானையிலிருந்து புள்ளிகள் நெருங்கிய ஒரு துண்டை வெட்டி, ஓரம் மடித்துக் கையால் தைத்து மூடியிருக்கிறேன்.

அப்பாவின் வேட்டி மேல்துணிக்கே தீர்ந்துபோனதால், நடுவடுக்குக்கு எட்டு முழம் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போகிக்குப் புடவைகளை எடுத்துவைக்கிறவரே தம்முடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கரையில் கிழிசல் இருக்கிறது, பார்த்து மடி என்று சொல்லிவிட்டுப் போனார். ஓவனைச் சமையலறை 16 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றியாயிற்று. அடையாறு சகோதரி சொன்னதை மகளிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கரையை அளந்து பார்த்தேன், ஒரே துண்டாக 5 மீட்டர் 40 இருக்கிறது. நாளை காலை நூலோட்டத் தொடங்குகிறேன்.